இரண்டு தவக்கிளி

திங்கட்கிழமை திரையைத் திறந்தால்
வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்ட மாதிரி.
சாம்பல் கட்டங்களைக் காணோம்.
எங்கும் வெள்ளை, ஓரமெல்லாம் வளைவு,
பொகவந்தலாவைப் பனி
கண்ணாடி தாண்டி வந்து மேசையில் உட்கார்ந்தாற்போல.
'வணக்கம் கோகிலவாணி,
உங்களுக்காகப் புதுப்பித்திருக்கிறோம்.'
நான் கேட்கவில்லை.

பழைய திரையில் வலக்கை மூலையில் 'சேமி'.
ஆறு வருசம்.
கண் கொழுந்துச் சீட்டில் இருக்க
விரல் தானாகப் போகும்,
கரண்ட் போன ராத்திரியில் வாசற்படியைக்
கால் கண்டுபிடிப்பது போல.

அந்த மூலையில் இப்போது வேறொரு பொத்தான், நீலம்.
'இவர்கள் ஒருவரே போலத் தெரிகிறது. இணைக்கவா?'
நான் வாசித்தது அழுத்திய பிறகு.

மேக்கணக்குத் தவக்கிளியும்
கீக்கணக்குத் தவக்கிளியும்
ஒரே ஆளானார்கள்.
இருபத்தொன்றும் பதினாறும் முப்பத்தேழு கிலோ.
ஒரு முழுப்பேர்.
ஒரு சம்பளம்.
பச்சையில் ஒரு 'சரி' சின்னதாய்த் துள்ளி அடங்கியது.
'மீட்டெடு' என்று ஒரு சொல் கீழே எட்டிப் பார்த்தது,
மவுஸை நகர்த்துமுன் போயே போய்விட்டது.

கொழும்புக்கு அடித்தேன்.
"மேல மூணு புள்ளி இருக்கும் பாருங்க மிஸ்."
மூன்று புள்ளிக்குள் இன்னொரு கதவு.
அதற்குள் 'வரலாறு'.
அதைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை.

பின்னேரம் ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர்,
இடுப்புப் படங்கிலிருந்து தண்ணி சொட்ட.
ஒருத்தியின் போனில் முப்பத்தேழு.
மற்றவளுக்கு மெசேஜே வரவில்லை.
"நான் உசிரோட இருக்கேனான்னு
அதுல பார்த்துச் சொல்லு தங்கச்சி."
"இந்தப் பனிக்கு முப்பத்தேழா, எனக்கென்ன நாலு கையா?"
"நாலுதான்டி," என்றாள் இவள்.
சிரித்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பிரிக்க வழியில்லை,
புதிதாகச் சேர்க்கத்தான் முடியுமாம்.
சேர்த்தேன்.
பெயர்: தவக்கிளி. பிரிவு: கீழ்.
வேலைக்கு வந்த தேதி:
இருபத்திரண்டு வருசத்தை அடித்துப் பார்த்தேன்,
பெட்டி சிவந்தது. மறுபடி அடித்தேன்.
அதுவாகவே 'இன்று' என்று நிரப்பிக்கொண்டது.
'புதிய உறுப்பினரை வரவேற்கிறோம்!'
மேலிருந்து வண்ணக் காகிதங்கள் உதிர்ந்தன.

அவள் கண்ணாடியில் மூக்கை வைத்து
"என்ன புள்ள, பூப் போடுது?" என்றாள்.

கொழும்புக்கு எழுதியிருக்கிறேன், மூன்று தடவை.
பதிலுக்கு ஒரு கேள்வி வந்திருக்கிறது:
புதிய தோற்றம் பிடித்திருக்கிறதா?
ஐந்து நட்சத்திரங்கள், காலியாக,
அதே மூலையில்.
கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.