நகவெட்டி

இருபத்திரண்டு வருஷம் நாங்கள் பாடியது ஒரே ஊரை.
ஐந்நூற்று நாற்பது வாசல், கேடயம் வேய்ந்த கூரை,
பகலெல்லாம் வெட்டிக்கொண்டு செத்து
மாலையில் எழுந்து ஒரே பந்தியில் உட்காரும் ஆட்கள்.
தூர்கிரிம் அதைக் கத்துவான்.
நான் பின்னால் நின்று பேஸ் கிட்டாரால்
வாசல்களை ஒவ்வொன்றாக உதைத்துத் திறப்பேன்.
ஜெர்மனியில் ஒருமுறை, முழங்கால் சேற்றில்,
நான்காயிரம் பேர் கொம்புக் கோப்பையை உயர்த்தினார்கள்.
கோப்பை பிளாஸ்டிக்.

மற்ற நாட்களில் அவன்
மோலோய் துறைமுகத்தில் உறைந்த கானாங்கெளுத்தியை
ஃபோர்க்லிஃப்டில் அடுக்குகிறவன்.

பிப்ரவரியில் கணையம் என்றார்கள்.
ஏப்ரலில் ஃபோர்டே ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்தம்,
அதற்கப்பால் பனி விட்டும் விடாத மலை.

எங்கள் மொழியில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது:
வைக்கோல் சாவு.
படுக்கையில் போகிறவனுக்கு
அத்தனை வாசலில் ஒன்றுகூட இல்லை.
அவன் வடக்கே, கீழே,
பாதி உடம்பு நீலமான ஒருத்தியின் வீட்டுக்குப் போகிறான்.
அவள் தட்டின் பெயர் பசி. கத்தியின் பெயர் பஞ்சம்.
கட்டிலின் பெயர் நோய்.
இதையும் படித்துத்தான் இருந்தோம்.
பாட்டாக்கவில்லை.
டீ-ஷர்ட்டில் போட்டால் யார் வாங்குவார்கள்?

ஹால்வர்ட், எங்கள் டிரம்மர், காரிலிருந்து ஈட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.
ஒற்றைக்கண் கடவுளே படுக்கையில் சாகக் கிடந்தபோது
ஈட்டி முனையால் தன்னைக் கீறிக்கொண்டானாம்.
கீறினால் கணக்கில் சேரும்.
மேடைக்கு வாங்கிய ஈட்டி. முனை ரப்பர்.
தூர்கிரிம் சிரித்தான், சிரிப்பு இருமலானது,
இருமல் முடிய வெகுநேரமானது.
பிறகு கையை நீட்டினான்:
ஊசி மூன்று தடவை தவறிய இடம், கருநீலம்.
"முதுகில் இல்லையே," என்றான்.
விழுப்புண்.

ஞாயிறு விடியலில் போனான்.
அவன் மனைவி ஓஷில்ட் நாற்காலியில்
காலணியோடு தூங்கிப்போயிருந்தாள்.

செத்தவர்களின் வெட்டாத நகங்களால்
எங்கோ ஒரு கப்பல் கட்டுகிறார்கள்.
அது முடிகிற நாள் உலகம் முடிகிற நாள்.
எங்களிடம் அதைப் பற்றிப் பதினோரு நிமிடப் பாட்டு இருந்தது.
பதினோரு நிமிடத்தில் ஒரு வரியில்கூட நகவெட்டி இல்லை.
நர்ஸ் செனாயித், எரித்ரியாக்காரி,
எதற்கென்று கேட்காமல் தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

இடது கட்டைவிரல் நகம் கோணல்,
எப்போதோ மீன்பெட்டி நசுக்கியது.
ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சத்தம்.
அவனும் நானும் சேர்ந்து எழுப்பியதிலேயே
ஆகச் சிறிய சத்தம்.
கால்விரலுக்கு வந்தபோது ஓஷில்ட் விழித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை. பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.
ஒரு துண்டு தெறித்துக் கட்டிலடியில் போனது.
மண்டியிட்டுத் தேடினேன், கிடைக்கவில்லை.
மீதியை டிஷ்யூவில் மடித்துச் சட்டைப்பையில் போட்டேன்,
எங்கே கொட்டுவது என்று தெரியாமல்.

கீழே போகிற வழியில் ஒரு பாலம். பொன் வேய்ந்தது.
காவலுக்கு ஒரு பெண்.
உயிரோடு ஒருவன் குதிரையில் வந்தபோது
அவள் வியந்தாளாம்:
நேற்று ஐந்து படை பிணங்கள் கடந்தன,
நீ ஒருவன் எழுப்புகிற இரைச்சல்
அவ்வளவு பேருக்கும் சேர்த்து வரவில்லையே.

இப்போது தூர்கிரிம் அதில் நடக்கிறான்.
போலீஸ் இரண்டு முறை வந்து குறைக்கச் சொன்ன குரல்.
ஒரு பலகைகூட முனகாது.

புதன்கிழமை படகுக் கொட்டகையில் நானும் ஹால்வர்டும்.
மைக் இன்னும் அவன் உயரத்திலேயே நிற்கிறது.
ஆம்ப்பைப் போட்டேன். எதையும் வாசிக்கவில்லை.
அது தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.
ஹால்வர்ட் பெரிய டிரம்மை ஒரே ஒரு முறை மிதித்தான்.
ஜன்னல் விளிம்பில் காலி பீர் டின்கள் அதிர்ந்தன,
ஒன்று விழுந்து உருண்டது.

"இன்னொரு தடவை," என்றேன்.