ஆறாவது முயற்சி

மூன்றாம் மாடியில், முன்பு தட்டச்சு அறையாக இருந்த இடம்
எங்கள் உளவியல் ஆய்வகம்.
ஓர் அலமாரி, அதற்குச் சாவி தொலைந்த பூட்டு,
நான்கு ஸ்டாப்வாட்ச், ஓடுவது இரண்டு.
பிளாஸ்டிக்கில் ஒரு மூளை;
அதன் சிறுமூளையை மட்டும்
யாரோ வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஜனவரி. ஆர்.கே.புரம் முழுக்க வெள்ளை.
கையுறையைக் கழற்றச் சொன்னாள் ஹர்லீன்.
அவள் சோதனையாளர், நான் சோதிக்கப்படுபவள்.
பெயர் கூடாது, முதலெழுத்து மட்டும்.
ரகசியம் காக்கவாம்.
வயது பதினேழு. பார்வை, கண்ணாடி போட்டால் சரி.
மனநிலை என்ற கட்டத்தில்
என்னைக் கேட்காமலே 'இயல்பு' என்று எழுதினாள்.
வகுப்பில் முப்பத்தெட்டுப் பேருக்கும் அதுதான்.

தகரத் தட்டில் ஒரு நட்சத்திரம்.
கையை ஒரு பலகை மறைத்துவிடும்;
எதிரிலிருக்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே
கோடு பிசகாமல் சுற்றி வர வேண்டும்.
மேலே போவதாக நினைத்தால் கை கீழே இறங்குகிறது.
விளிம்பில் பட்டால் டிக்.
ஒரு டிக், ஒரு பிழை.

முதல் முயற்சியில் நாற்பத்தொன்று.
அப்புறம் முப்பத்திரண்டு, இருபத்தாறு,
பதினேழு, பன்னிரண்டு.
"புத்தகத்தில் இருக்கிற மாதிரியே வளைவு!"
டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்
பட்நாகர் மேம்.

ஆறாவதில் கை
எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டது.

இரண்டு அறை. நடுவில் நான்.
"கேஸ் தீரப்போகுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."
நாலடி நடந்து அந்த அறையைச் சேர்வதற்குள்
அது வேறொன்றாகிவிடுகிறது.
"தெரியும்னு சொல்லு."
குரலைத் தணித்துத்தான் கொண்டுவருகிறேன்.
இருந்தும்
அம்மா கரண்டியை வைக்கிற விதம்.
நவராத்திரி முடிந்ததிலிருந்து இப்படி.
எந்தப் பக்கம் திரும்பினாலும்
டிக்.

இருபத்தொன்பது, என்றாள் ஹர்லீன்.
ரப்பரை எடுத்தாள்,
என்னைப் பார்த்தாள்,
கீழே வைத்துவிட்டாள்.

அகநோக்கு அறிக்கைக்கென்று
ஒரு வாக்கியம் உண்டு எங்கள் பள்ளியில்.
சீனியர்களின் ஃபைலிலிருந்து வருஷா வருஷம் கைமாறுவது:
'முதலில் கடினமாக இருந்தது, போகப் போகப் பழகிவிட்டது.'
நானும் எழுதினேன். முற்றுப்புள்ளி வைத்தேன்.
கீழே இரண்டு வரி காலியாகக் கிடந்தது.

பிராக்டிகல் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர்
வரைபடத்தில் விரலை வைத்தார்.
இறங்கி இறங்கி வந்த கோடு
இங்கே மட்டும் ஏன் எகிறுகிறது?
எனக்கு நா எழவில்லை.
"விமானம், சார். தலைக்கு மேலேயே போனது.
இவளுக்குக் கவனம் சிதறிவிட்டது" என்றாள் ஹர்லீன்.
தலையாட்டி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

நட்சத்திரம் வரைந்த அன்று
காலை முழுக்க மூடுபனி.
ஒரு விமானம் ஏறவில்லை, ஒன்றும் இறங்கவில்லை.
ஹர்லீனின் அப்பாவுக்கு விமான நிலையத்தில்தான் வேலை.
மதியம் வரை ஒரு பெட்டிகூட வராமல்
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்,
அவள்தான் சொன்னாள்.