வளையல் அளவு

மான்குர்த் வீட்டோடு வந்தது தொட்டி.
நாலு மாடி இறக்க முடியாதென்று
முன்பு குடியிருந்த பன்சோடே
விட்டுப்போனார்,
உள்ளே இரண்டு ஆஸ்கரோடு.
வாடகை ஒப்பந்தத்தில் அவை இல்லை.

கரியும் நெருப்புமாய் உடம்பு.
நான் பல் தேய்ப்பதைக்கூட
கண்ணாடியருகே வந்து பார்க்கும்.
தின்பதைவிடச் சிந்துவது அதிகம்.
அடியில் அழுகும் மிச்சத்துக்கு
கெளுத்தி விடுங்கள் என்றார்கள்.

முதலில் வாங்கியவை ஆறு,
கட்டைவிரல் நீளம்.
மீசை துடிக்கக் கூழாங்கல்லைக் கிளறின.
ஒரு ராத்திரிதான்.
காலையில் ஐந்தைக் காணோம்.
ஆறாவது
பெரிய ஆஸ்கரின் தொண்டையில்
முள்ளை விரித்து நின்றது.
விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.
ஈரத்துணியில் மீனைச் சுற்றி
புருவம் திருத்தும் இடுக்கியால்
நான் அதை உருவுவதற்குள்
ஆபீசிலிருந்து மூன்று முறை போன்.
ஆஸ்கர் பிழைத்தது.
இரண்டு நாள் என்னைப் பார்க்க வரவில்லை.

உடம்பை அல்ல
வாயை அளந்திருக்க வேண்டும்.
அது கொட்டாவி விடும் நேரம் பார்த்து
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
வளையல்களை ஒவ்வொன்றாய்ப் பிடித்தேன்.
என்னுடையது பெரிது.
அக்கா மகள் லீவுக்கு வந்தபோது
மறந்துபோன பச்சைக் கண்ணாடி வளையல்
அச்சாகப் பொருந்தியது.

ஞாயிறு காலை, குர்லா.
ஆணியில் தொங்கும் பைகளுக்குள்
ஆளுக்கு அரைப்படித் தண்ணீர்.
கடைக்காரர் அப்ரார்
சிவப்பு வால் ஒன்றைக் காட்டினார்.
உள்ளங்கை நீளம், வெள்ளை வயிறு,
பொம்மைச் சிரிப்பு.
எவ்வளவு வளரும் என்றேன்.
ஒரு கையை நீட்டினார்.
பிறகு, என்ன தோன்றியதோ,
இன்னொரு கையையும்.
அதற்கு என் ஆஸ்கர்கள் ஒருவேளைச் சாப்பாடு.

பர்ஸிலிருந்து வளையலை எடுத்தேன்.
இதற்குள் நுழையக் கூடாது,
என் மீனை விழுங்கவும் கூடாது.
அப்ரார் சிரிக்கவில்லை.
உடைந்த குழாய்த்துண்டுக்குள் கைவிடாமல்
மக்கால் மொண்டு வந்தார்:
வலையில் பிடித்தால் முள் சிக்கிக்கொள்ளும்.
பழுப்பில் பால்கோடு.
விலாவில் ரம்பம்.
கோபத்தில் கிர்ரென்றது.
ராஃபேல் என்றார்.
வளையலுக்குள் தலை போனது.
தோள் போகவில்லை.

திலக் நகர் தாண்டியதும் மடி நனைந்தது.
இரட்டைப் பையையும் துளைத்திருந்தது முள்.
எதிரே இருந்தவள்,
ஆஸ்பத்திரி நீலச் சட்டை, ராத்திரி முழுக்கத் தூங்காத கண்,
ஒன்றும் கேட்காமல்
ஓட்டையில் கட்டைவிரலை வைத்தாள்.
பிறகுதான் கேட்டாள்:
கடிக்குமா?
வாய் சின்னது, ஆனால் குத்தும் என்றேன்.
விரலை எடுக்கவில்லை.
செம்பூர் போனது. கோவண்டி போனது.
மான்குர்த்தில் என்னோடு இறங்கி
எதிர்ப்பக்க வண்டிக்கு ஓடினாள்.
கோவண்டியில் இறங்க வேண்டியவள் என்று
அப்போதுதான் உறைத்தது.

தொட்டியில் விட்டதும்
பெரியது வந்தது. முட்டியது.
வாயைத் திறந்து, பக்கவாட்டில் திருப்பி,
இன்னொருமுறை திறந்து
மூடிக்கொண்டு போனது.

நாலு மாதமாகிறது.
கெளுத்தியை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.
காலையில் அடியில் மிச்சம் இருப்பதில்லை,
அதுதான் சாட்சி.
சில ராத்திரி விளக்கணைத்த பிறகு
எண்ணெய் போடாத கீல் போல ஒரு சத்தம்.
கதவை எழுந்து பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

வளையலைத் திருப்பிக் கேட்டாள் அக்கா மகள்.
மீன் வாடை அடிக்குமென்று சொல்லியும் கேட்டாள்.
கூரியரில் அனுப்பியாயிற்று.

நேற்று
பெரிய ஆஸ்கர் கொட்டாவி விட்டது.
சப்பாத்தி மாவுக் கையோடு போய் நின்றேன்.
அது மறுபடி வாய் திறக்கும்வரை காத்திருந்து
என் வளையலைக் கழற்றினேன்.