நான்கு சென்ரிமீற்றர்

இந்த ஊரில் றெயில் தொங்கித்தான் போகும்.
கீழே வூப்பர் ஆறு, கூரைக்கு மேலே ஒற்றைத் தண்டவாளம்.
வளைவுகளில் பெட்டி இடுப்பை ஒருமுறை ஆட்டும்,
புதிதாய் ஏறியவர்கள் கம்பியைப் பிடிப்பார்கள்.
பதினொரு வருடமாய் அதன் திருகாணிகளை முறுக்குபவன் நான்,
ஃபோவிங்கல் பணிமனையில், இரவு வேலை.
ஆடுவது விழாது என்று நம்பத்தான்
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஆகவே கடையில் என் கை முதலில் போனது ஆடும் தொட்டிலுக்கு.
நிரோஜினி அதைப் பார்க்கவுமில்லை.
முதுகைப் பிடித்தபடி நேரே போய்
ஒரு பக்கம் திறந்த சின்னப் படுக்கை ஒன்றின் முன் நின்றாள்.
பெரிய கட்டிலோடு ஒட்டிக் கட்டி வைப்பது.
முப்பத்தாறாவது கிழமை.
"வெட்டின வயிறோடு இரவில நாலு தரம் எழும்பேலாது,
படுத்தபடி கை எட்ட வேணும்" என்றாள்.

பதினான்கு வகை நின்றன.
ஒன்றுக்குச் சில்லு. ஒன்றுக்கு முயல் காது.
ஒன்றைச் சுற்றிப் பஞ்சு மதில், பூ நாடா, மணப்பந்தல் தோற்கும்.
காதில் வளையம் போட்ட விற்பனைப் பையன்
ஒரு மெத்தையைக் காட்டி "மேகம்" என்றான்.
நிரோஜினி உள்ளங்கையை அதில் ஊன்றி எடுத்தாள்.
கை வந்த பிறகும்
குழி அங்கேயே கிடந்தது,
ஒரு சின்ன முகத்தின் அளவில்.

நாங்கள் ஒன்றும் பேசவில்லை.
அடுத்ததற்கு நகர்ந்தோம்.

வாங்கியது பலகை போல ஒன்று.
முயல் இல்லை, மேகம் இல்லை.
இரண்டு பட்டி, எட்டுத் திருகாணி, வலைப் பக்கம்.
பொருத்த எனக்கு இருபது நிமிடம்,
பொருந்தாததைக் கண்டுபிடிக்க அரை நிமிடம்:
அதன் கடைசிப் படியிலும்
எங்கள் கட்டில் நான்கு சென்ரிமீற்றர் பணிந்து கிடந்தது.
இரண்டு மெத்தைக்கும் நடுவே ஒரு பள்ளம்.
துவாயைச் சுருட்டி அதில் அடைத்தேன்,
பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

மருத்துவச்சி தீற்றெல்ட் வந்தா,
சப்பாத்தைக் கழற்றினா, தேத்தண்ணி வேண்டாமென்றா,
துவாயை உருவி நான்காய் மடித்து என் மடியில் வைத்தா.
"இது கை துடைக்க" என்றா.
வேறொன்றும் சொல்லவில்லை.
எனக்குக் காது சுட்டது.
ஒரு மில்லிமீற்றர் இடைவெளிக்கு
ஒரு முழு றெயிலை நிறுத்தி வைத்தவன் நான்.

தொட்டிலைத் தாழ்த்த வழியில்லை.
கட்டிலின் நான்கு காலுக்கும்
ஓக் மரத்தில் கிண்ணம் குடைந்து,
கால் வழுக்காமல் உள்ளே றப்பர் ஒட்டி,
சனிக்கிழமை முழுக்கத் தூக்கி வைத்தேன்.
அவளுக்காக நாங்கள்
நான்கு சென்ரிமீற்றர் உயர்ந்தோம்.
பட்டிகளை இறுக்கினேன், பிறகு
வேலையில் செய்வதுபோல
இறுக்கியவன் நானில்லை என்று வைத்துக்கொண்டு
இன்னொருமுறை பரிசோதித்தேன்.

மிசிசாகாவிலிருந்து மச்சாள் அனுப்பிய பொதியில்
கடுகு நிரப்பிய குட்டித் தலையணை.
தலை உருண்டையாய் வருமாம்.
நிரோஜினி தையலைப் பிரித்துப் போத்தலில் கொட்டினாள்.
இரண்டு கிழமையாய்ப் பருப்பில் வெடிக்கிறது மச்சாளின் அன்பு.
கேட்டால் தலை நல்ல உருண்டை என்போம்.

இன்று காலை ஐந்தே முக்கால்.
எண்ணெய் நாற்றம் போகும்வரை கை கழுவிவிட்டு வருகிறேன்.
பிறந்து ஒன்பது நாள்.
தலையணை இல்லாமல், போர்வை இல்லாமல்,
தூக்கப் பைக்குள் மல்லாந்து கிடக்கிறாள்,
கைகள் இரண்டும் தலைக்கு மேலே.
அந்தச் சைகையை வேறொரு மண்ணில் பார்த்திருக்கிறேன்,
வரிசை வரிசையாய்.
இங்கே அதற்குத் தூக்கம் என்று மட்டும் பொருள்.
தாயின் கை திறந்த பக்கத்தால் போய்
அவளருகே நிற்கிறது, தொடாமல்.

குனிந்து,
இரண்டு மெத்தையும் சேருமிடத்தில்
சின்ன விரலை வைத்து அழுத்துகிறேன்.

நுழையவில்லை.

மறுமுனையிலும் ஒருமுறை.