ஏழு கண்

பித்தளை வலை, தீப்பெட்டியின் முகத்தைவிடச் சிறியது.
நீளத்துக்கு அறுபது, உயரத்துக்கு நாற்பது:
இரண்டாயிரத்து நானூறு கண்.
எண்ணவில்லை. பெருக்கினேன்.

முதலில் வினாகிரியில் ஊறப்போட்டேன்,
விரலின் எண்ணெய் போக.
பிறகு சவர்க்கார நீர், பிறகு வெறும் நீர்.
அதற்குப் பிறகு கை படக்கூடாது,
வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த சாமணம் மட்டும்.
பகலில் நான் ஆட்களுக்குப் பல் கட்டுகிறவன்.
இரவில் லொறிக்கு.

அடிப்பூச்சு பாலைப்போல் இருக்கவேண்டும்,
அதுவும் குருநகர்த் தேத்தண்ணிக் கடையில்
மாதக் கடைசியில் ஊற்றுகிற பாலைப்போல்.
தடித்தால் கண் அடைபடும்.
தூரிகையால் பூசினால் நிச்சயம் அடைபடும்.
ஆகவே எயார்பிரஷ், ஒரு சாண் தள்ளி,
இடமிருந்து சாய்வாக ஒன்று, வலமிருந்து ஒன்று,
நடுவில் காயும்வரை சும்மா இருத்தல்.
சோளகம் தூசி கொண்டுவரும், யன்னலைச் சாத்து.
சாத்தினால் தின்னர் மணத்தில் தலை சுற்றும்.
சுற்றட்டும்.

மூன்றாவது பூச்சில் கரன்ட் போனது.
கொம்பிரஸர் பெருமூச்சு விட்டு நின்றது.
எயார்பிரஷின் மூக்கில் தொங்கிய துளி
நேரம் பார்த்து விழுந்தது.

ரோச் வெளிச்சத்தில் பார்த்தேன்:
கீழ் மூலையில் ஒரு கறுப்புக் குளம்.
ஊதினேன்.
குளம் பரந்தது.

யசிந்தா சாமணத்தோடு அதை வாங்கி
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.
அவள் தகப்பன் கடலுக்குப் போனவர்.
எந்த வலையிலும் அவளுக்கு முதலில் தெரிவது
நூல் அல்ல, கண்.
"ஏழு கண் அடைச்சுப் போச்சு" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து, "மீனுக்கு நல்லது."

நித்திரை வரவில்லை. விடிய நாலரைக்குச்
சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன் பாசையூர்ச் சந்தைக்கு,
அசலின் முகத்தைப் பார்க்க.
ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டு நின்றது நீல லேலண்ட்,
நெற்றியில் அந்தோனியார்.
முன்னால் குந்தினேன்.

வாய் நிறையப் பற்பொடியோடு வந்தார் சாரதி பொனிப்பாஸ்.
"என்ன தம்பி தேடுறியள்?"
"கிறில்லைப் பாக்கிறன்."
"வாங்கப் போறியளோ?"
"செய்யப்போறன். இருபத்துநாலில ஒரு பங்கு."
"அப்ப லீசிங் காசும் இருபத்துநாலில ஒரு பங்குதானோ?"

அவர் கொப்பளிக்கப் போன நேரம் ரோச்சை அடித்தேன்.
அந்த வலையில் திறந்த கண்கள் குறைவு.
செஞ்சேறு காய்ந்து பொருக்காகி நின்றது.
ஒரு தும்பியின் இறகு, தும்பி இல்லாமல்.
உரப்பையின் நூல்.
ஒரு வெட்டுக்கிளி முழுதாக,
ஏ-ஒன்பதின் இருட்டில் தான் வந்த வேகத்தோடு
முகம் புதைத்து.
இடப்பக்கம் ஒரு பொத்தல்,
யாரோ கட்டுக்கம்பியால் தைத்துவிட்டிருந்தார்கள்.
கறுப்பு என்று மூன்று நாளாக நான் கலந்த நிறம்
எங்கே என்று தேடினேன்.
இருந்திருக்கலாம், அடியில்.

வீட்டுக்கு வந்து ஊசியை எடுத்தேன்.
சிலைக்குக் கண் திறக்கிறவர்
எதிரே ஒரு கண்ணாடியை வைத்துக்கொள்வாராம்,
முதற்பார்வை தன்மேல் விழாதிருக்க.
நான் வைத்துக்கொண்டது ரிசியூத் துண்டு,
கரைகிற மையை அது பின்னால் இருந்து உறிஞ்சும்.
ஒன்று திறந்தது.
இன்னொன்று.
மூன்றாவதில் கம்பி வளைந்தது.
ஊசியைக் கீழே வைத்தேன்.

மிச்சம் ஐந்து.
காவியும் கொஞ்சம் சாம்பல் நிறமும் குழைத்து
தூரிகையில் ஒரே ஒரு மயிரை விட்டுவைத்து
அந்த ஐந்தின்மேலும் தொட்டேன்.
பக்கத்தில் நல்ல கண்கள் இரண்டையும்,
கை பழகிவிட்டதால்,
அடைத்துவிட்டேன்.

யசிந்தா தேத்தண்ணியோடு வந்து குனிந்தாள்.
"இதென்ன ஊத்தை?"
"முறிகண்டி" என்றேன்.
"அந்தோனியார் லொறி அங்க ஏன் நிண்டது?"
"எல்லா லொறியும் நிக்கும்."

அவள் எண்ணத் தொடங்கினாள்.
ஐந்து, ஆறு என்று வந்தபோது
கரன்ட் வந்து கொம்பிரஸர் திடுக்கென்று உறுமியது.
பாதித் தேத்தண்ணி மேசையில்.
வலையை மட்டும்
அவள் உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள்.