எதிர்பார்க்கும் சம்பளம்

சாந்தியாகோ நகரம், ஏழாவது மாடி.
காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆள் பிடிக்கும் மேசை என்னுடையது.
இன்று காலியாக இருந்தது ஒரு நாற்காலி.
வந்தவர்கள் இரண்டு பேர்.

முதலில் பெஞ்சமின் லார்ராகிபெல்.
நான் கேட்குமுன்பே
படித்த பள்ளியின் பெயரைச் சொன்னான்.
இந்த ஊரில் அதுதான் வணக்கம்.
அவன் மாமாவும் எங்கள் இயக்குநரும்
ஜூலையில் ஒரே மலையில் பனிச்சறுக்குவார்களாம்.
'எதிர்பார்க்கும் சம்பளம்' என்ற கட்டத்தில்
பன்னிரண்டு லட்சம் பெசோ என்று எழுதினான்,
தாகத்துக்குத் தண்ணீர் கேட்பவனைப் போல.
தப்பில்லை. எங்கள் கணக்கிலும் அவ்வளவு இருந்தது.

பிறகு யெசேனியா கத்ரிலேயோ.
அதே பட்டம், அவனைவிட மதிப்பெண் கூடுதல்.
விலாசம்: ஆல்மெந்த்ரோஸ் தெரு, 1140,
மலையை ஒட்டிய பணக்காரப் பகுதி.

"வர எவ்வளவு நேரம் ஆச்சு?"
"ரெண்டு மணி நேரம், இரண்டு பஸ் மாறி"
சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள்.
அந்தத் தெருவிலிருந்து இங்கே
கால் மணி நேரம் நடந்தால் போதும்.

நான் காதில் வாங்காதவள் போல ஜன்னலைப் பார்த்தேன்.
என் அம்மா
இருபத்திரண்டு வருஷம் சட்டைகளுக்கு இஸ்திரி போட்ட
வீட்டின் கதவு எண்தான்
என் முதல் விண்ணப்பத்தில் என் வீடு.
சமையலறை வாசலைத் தாண்டி
அந்த வீட்டுக்குள் நான் போனதே கிடையாது.

கட்டத்துக்கு வந்தேன்.
ஆறரை லட்சம்.
பென்சிலில். மெல்லிசாக.
விரலுக்குத் தக்க வீக்கம் என்று
யாரோ நூல் பிடித்து அளந்து கொடுத்தது போல.

எங்கள் தொகையைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
அனுமதி இல்லையா, தைரியம் இல்லையா,
அதை இன்னும் தீர்மானிக்கவில்லை.
தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினேன்.
மேலே ஒரு ரப்பரை வைத்தேன்.
"இந்த ஒரு இடத்தை மட்டும்
கொஞ்சம் யோசித்து மறுபடி எழுதுங்களேன்."

காது மடல் வரை சிவந்தது.
"மன்னிக்கணும்" என்றாள்.
அழித்தாள். குனிந்து எழுதினாள்.
ஐந்தரை.

அந்தக் குடும்பத்தில் எவரும்
மேல்நோக்கி அழித்து எழுதியதில்லை;
எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

வாயைத் திறந்தேன். அதற்குள்
மேசையில் கிடந்த ரப்பர் துகள்களை
உள்ளங்கை விளிம்பால் ஓரமாகக் கூட்டி,
ஒன்று விடாமல் அள்ளி,
தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.