நான்காம் சீட்டு

அரிசி மணியில் முக்கால் இருக்கும்.
மண் நிறம். குட்டைச் சிறகு.
பறக்காது, தத்தும்.
முகத்தில் மூன்று மேட்டுக்கோடுகள்.
நடுக்கோடு மட்டும் நெற்றியை எட்டுமுன் நின்றுவிடும்,
யாரோ கூப்பிட எழுந்துபோனவள்
விட்டுப்போன தையல் போல.

திபிலீசி அருங்காட்சியகம், மூன்றாம் மாடி, பிப்ரவரி.
ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் சுடும்.
எத்தெரி மேல்கோட்டைக் கழற்றாமலே
நுண்ணோக்கியில் குனிந்திருக்கிறாள்.

இந்தப் பேரினத்துக்கென்று உலகத்தில் இருப்பது
ஒரே ஒரு பெண் பூச்சி.
1934, ஜூன் 12, ஷிராக்கி மேடு, பிஸ்தா மரத்தடி.
பிடித்தவர் வார்லாம் என்பவர்.
கட்டைவிரல் நகமளவு சீட்டில்
பழுப்பேறிய ரஷ்ய எழுத்து.
அதற்கப்புறம் அவரைப் பற்றி
எங்கேயும் ஒரு சீட்டும் இல்லை.

தத்துப்பூச்சிக்குத்
தத்துப் போவதே பிழைப்பாயிற்று.
லெனின்கிராடில் ஒருவர் ஒரு குடும்பத்தில் சேர்த்தார்.
ப்ராகில் ஒருவர், நேரில் பாராமலே,
இன்னொன்றுக்கு மாற்றினார்.
மூன்றாமவர் ‘இடம் ஐயத்துக்குரியது’ என்று
வாசலிலேயே உட்காரவைத்தார்.
ஆனால் மூவரும் கேட்டது ஒன்றைத்தான்:
ஆண் எங்கே?

ஆணின் வயிற்று நுனியில்தான் முகவரி.
பொட்டாஷில் ஓர் இரவு ஊறி, சதை கரைந்து,
கிளிசரின் துளியில் மிதக்கும்
கொக்கி, உறை, முள்.
பூட்டும் சாவியும் என்பார்கள் துறைக்காரர்கள்.
எத்தெரிக்கு அந்த உவமை ஒத்துவராது,
அவள் வீட்டுப் பூட்டு எந்தச் சாவிக்கும் திறக்கும்.

ஏழு கோடை போனாள்,
ஜும்பெரின் ஜீப்பில், வெடித்த களிமண் பாதையில்.
பட்டையைத் தட்டி
வெள்ளைத் துணியில் விழுந்ததை
உறிஞ்சுகுழாயில் இழுத்தாள்.
எறும்பு. சிலந்தி. மறுபடி எறும்பு.
ஒருமுறை எல்லைக் காவலர்கள் வலையைத் தூக்கிப் பார்த்து
என்ன பிடிக்கிறாய் என்றார்கள்.
‘பார்த்ததில்லை, பார்த்தால் சொல்கிறேன்.’
சிரித்துவிட்டுத் தர்பூசணி அறுத்துக் கொடுத்தார்கள்.

இவை பேசுவது தண்டின் வழியே, நடுக்கமாக.
நம் காதுக்கு வராது.
தர்பூசணியோடு அவள் சாய்ந்த அடிமரத்திலேயே
ஓர் ஆண் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கலாம்.
ஜும்பெர் விதைகளைத் துப்பிக்கொண்டிருந்தான்.

ஆண் கிடைத்தது
மேசையிலிருந்து நாலடி தூரத்தில்.

பதினெட்டாம் பெட்டி, கீழ்த்தட்டு.
நாப்தலின் மாற்றத்தான் திறந்தாள்.
வேறொரு பேரினத்தின் வரிசையில், கடைசியில்,
அட்டை முக்கோணத்தின் முனையில் ஒட்டியபடி
ஒரு மண்நிறம்.
நடுக்கோடு பாதியில்.
முதல் சீட்டு: வஷ்லோவானி, மே 1993.
இரண்டாவது: குழிப்பொறி, எண் ஆறு.
மூன்றாவதில் தவறான பெயர்,
அதன் கீழே, கண்டறிந்தவர்:
எ. சபாஷ்விலி.

கையெழுத்து அப்போது வலப்பக்கம் சாயும்.
இருபத்தாறு வயது.
கரண்ட் இல்லாத குளிர்காலம்,
மெழுகுவர்த்தியில் பார்த்தது
என்று காரணம் சொல்ல
அறையில் யாரும் இல்லை.
ஏழு கோடையின் டீசல் கணக்கு
ஜும்பெரிடம் இருக்கிறது.

இரவெல்லாம் ஊறியது.
காலையில் கொக்கி வலமாக வளைந்திருந்தது,
நுனி இரண்டாகப் பிளந்து.
தத்தெடுத்தவர் ஒருவர் வீட்டிலும் அப்படி ஒரு சாயல் இல்லை.
சொந்தக்காரர்கள் காஸ்பியனுக்கு அந்தப் பக்கத்து மலைகளில்.
ஒரு குட்டைச்சிறகி
எப்போது, எப்படித் தாண்டி வந்தது?
அதை அவள் குறிப்பேட்டில் எழுதவில்லை,
ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டாள்.

பழைய சீட்டை எடுக்கக் கூடாது என்பது விதி.
தவறும் அதே ஊசியில் இருக்கவேண்டும்,
சரியானது அதன் கீழே.
நான்காம் சீட்டை வெட்டினாள்.
பெயர். வருடம். மறுபடியும்
எ. சபாஷ்விலி, இம்முறை எழுத்து நேராக.

குளிருக்கு மசி காயவில்லை.
ஊசியில் கோத்தபின்தான் கவனித்தாள்.
ஊதப்போனவள் சட்டென்று மூச்சை நிறுத்தினாள்,
இடது பின்னங்கால்
ஏற்கெனவே பசையில்தான் நிற்கிறது.